மடியில் ஒரு வாணலி

ஏற்காடு மலையடிவாரத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கனடாவில் படிக்கிறாளாம். பெட்டியை சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, நீளக் கைப்பிடி வைத்த சின்ன வாணலியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கொடுத்த கொய்யாத் துண்டை மோந்து பார்த்த பிறகுதான் வாயில் போட்டாள்.

"அங்க சனிக்கிழமையானா ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடுங்க. கொரியா, பெரு, லெபனான்... அந்த ஊர்ல ஒண்ணும் பாக்கி வெக்கலீங்க."

"எதும்மா ரொம்பப் பிடிச்சது?"

"எத்தியோப்பியாக் கடைங்க. காப்பிக்கொட்டைய நம்ம முன்னாடியே வறுத்து, வாணலியத் தூக்கிட்டு வந்து ஒவ்வொருத்தருக்கா வாசம் காட்டுவாங்க. அப்புறந்தான் காப்பி. எங்கம்மா இருவது வருசமா எஸ்டேட்ல காப்பிப்பழம் பறிக்கறாங்க. ஊட்ல குடிக்கறது டீங்க. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு. அம்மாவ உக்கார வச்சு அப்படிக் காட்டோணுமுங்க."

"நல்ல காரியம்தானே!"

"அவங்க உக்காரவே மாட்டாங்க. அதுதானுங்க பயம்."

ஏற்காட்டில் காத்திருந்த அம்மா, மகளின் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வாணலிக்கும் கை நீட்டினாள். "அதயும் குடு சாமி."

"இது நான் தூக்கோணும்மா" என்றாள் மகள்.

இப்போதெல்லாம் காப்பி டம்ளரை எடுத்ததும் மோந்து பார்க்கிறேன். அந்த அம்மாள் உட்கார்ந்தாளா என்பதுதான் தெரியவில்லை.