கூடத்துக் கேமரா

என் கணவருக்கு சார்ஜாவில் ஒரு கடையில் வேலை. போன லீவுக்கு வந்தபோது எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி வீட்டின் மொட்டைமாடியில் சோலார் போட்டார். அதோடு வாசலுக்கு ஒரு கேமரா, கூடத்துக்கு ஒரு கேமரா. இரண்டும் எடுப்பதைப் பதிந்துவைக்கும் ரெக்கார்டர் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தார். அதைச் சார்ஜாவிலிருந்தே தன் போனில் பார்க்கவும் வழி செய்துகொண்டார். வீட்டில் நானும் பள்ளிக்குப் போகும் மகளும் மட்டும்தான். "இனி கரண்டு பில்லும் இல்ல, கள்ளன் பயமும் இல்ல" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

எங்கள் தெருவில் மிளகும் சுக்கும் அடைத்த குடோன்கள் இருக்கின்றன. மதியம் அங்கே மெஷின்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் ஃபேன் சுற்றவே யோசிக்கும். வோல்டேஜ் இறங்கியதும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். ரெக்கார்டரும் அணைந்து, திரும்ப உயிர் வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அவருடைய போன் வந்துவிடும்.

"கேமராவ எதுக்கு ஆஃப் பண்ணே?"

"நான் தொடவே இல்ல மச்சான். வோல்டேஜ் இல்ல."

"மேல சோலார் இருக்கும்போ எப்படி வோல்டேஜ் இல்லாம போகும்?"

வெளியே லைன் சரியாக இருந்தால்தான் சோலாரும் ஓடும் என்று எலக்ட்ரீஷியன் சேட்டன் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்வேன். சரி என்பார். மறுநாள் மதியம் அதே கேள்வி. மீன் கழுவிக்கொண்டிருக்கும் கையோடு ஓடி வந்து அதே பதில். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்காததால் பக்கத்து மளிகைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, அவர் வந்து கதவைத் தட்டினார். ஈரத் தலையோடு கதவைத் திறந்தபோது எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

மின்வாரியத்தில் புகார் சொன்னேன். ஆட்கள் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு நானே பஸ் ஏறி இடப்பள்ளிக்குப் போய், இறங்கும் வோல்டேஜைத் தூக்கி நிறுத்தும் ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி வந்தேன். சேட்டன் அதை ரெக்கார்டருக்கு மாட்டிக் கொடுத்தார். "சோலாருக்கு இது போரா இத்தா, பத்தாது. அதுக்கு லைன் தன்னே சரியாகணும்" என்றார்.

அன்று முதல் பெட்டி அணையவே இல்லை. இனி நிம்மதி என்று நினைத்தேன். மறுநாளே போன்.

"பர்தா போட்டுக்கிட்டு வந்தது யாரு? ரொம்ப நேரம் இருந்தாளே?"

"என் தங்கச்சி."

"அவ போனதும் ஏன் படுத்தே? அசர் தொழுதியா?"

இத்தனை நாளும் வோல்டேஜோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. மறுபடி சேட்டனைக் கூப்பிட்டேன். கூடத்துக் கேமராவைக் கழற்றிப் பின்வாசலில் மாட்டச் சொன்னேன்.

"இக்காவோட சோதிக்கண்டே?" என்று, என் கணவரைக் கேட்க வேண்டாமா எனத் தயங்கினார்.

"இங்க இருக்கிறது நானில்லே? கழட்டுங்க சேட்டா."

அவர் ஏணியில் நின்று திருகாணியைச் சுழற்றும்போதே போன் அடித்தது.

"அங்க என்ன நடக்குது?"

"கேமராவ பின்வாசலுக்கு மாத்துறேன். கள்ளன் அந்த வழியாத்தான் வருவான். கூடத்துல நானும் பிள்ளையும்தான் இருக்கோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"அங்க மாட்டும்போ நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார். சில நாட்கள் மகளிடம் மட்டும் பேசினார். பிறகு என்னிடமும் பேசினார், ஒன்றும் நடக்காததுபோல. இப்போது யார் வந்தார்கள், என்ன சமைத்தாய் என்று வாயால் கேட்கிறார். சில கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சிலதுக்கு, அடுப்பில் சாயா கொதிக்கிறது என்று வைத்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் லீவில் வருகிறார். என்ன பேசவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எப்படித் தொடங்கினாலும் சண்டையில்தான் போய் முடிகிறது.