குற்றாலத்தில் இல்லாத செடி

அந்தச் செடியைக் கண்ணை மூடிக்கொண்டுகூட என்னால் வரைந்துவிட முடியும். தரையோடு படரும் மெல்லிய தண்டு. ஒரே காம்பின் நுனியில் ஐந்து இலைகள், விரித்த கைவிரல் மாதிரி, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ரோமம். மஞ்சள் பூ, ஐந்து இதழ். பூவைத் திருப்பினால் பச்சைப் புல்லிவட்டத்துக்கு வெளியே இன்னொரு சின்னப் புல்லிவட்டம் இருக்கும். ரோஜாவின் குடும்பம் என்பார்கள், ஆனால் முள் கிடையாது. கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்மலைப் புல்வெளிகளில் வளரும். எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் இல்லை, அதனால் யாரும் பேர் வைக்கவும் இல்லை. நான் தாவரவியல் படித்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில், செடிகளை உலர்த்தி அட்டையில் ஒட்டி வைக்கும் அறையில் உதவியாளராக இருந்தவன். இவ்வளவும் மேடம் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது.

மேடம் அந்தத் துறையின் பேராசிரியை. சிவகிரிக்காரர். என்னை அண்ணாச்சி என்பார். குற்றால மலையில் முளைக்கும் அத்தனை செடிக்கும் ஒரு பட்டியல் போட்டுவிட வேண்டும் என்பது அவருக்குப் பைத்தியம். ஒவ்வொரு சாரல் பருவத்துக்கும் வனத்துறையில் அனுமதி வாங்கி, மாணவிகளைக் கூட்டிக்கொண்டு செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறுவார். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடும், நாங்கள் மட்டும் செடி வைக்கும் அட்டைக்கட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் போவோம்.

பறித்த செடியைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து வைத்து, பலகைக்கு நடுவே இறுக்கிக் கட்ட வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதுதான் என் வேலை. செடியின் எண்ணைச் சின்ன அட்டையில் எழுதிக் காம்பில் நூலால் கட்ட வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். பிள்ளைகள் அவசரத்தில் தாளின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிவிடுவார்கள். அப்படியானால் தாளை மாற்றும்போது நான்தான் எண்ணைப் புதுத் தாளில் எடுத்து எழுத வேண்டும்.

அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. கொடைக்கானல் சுற்றுலாவுக்குப் போன வகுப்பு கொண்டுவந்த கட்டும், குற்றாலத்தில் நாங்கள் பறித்த கட்டும் ஒரே மேசையில் கிடந்தன. இரண்டையும் பிரித்துப் போட்டுத் தாள் மாற்றினேன். இரண்டு நாள் கழித்து மேடம் குற்றாலக் கட்டைப் பிரித்தபோது உள்ளே ஐந்திலைச் செடி இருந்தது.

"ஏட்டி, இத யாரு பறிச்சது?" என்றார். குரலே மாறிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண், "ஓடைப் பக்கம் மஞ்சப் பூ கெடந்துச்சு மேடம், நாந்தான் பறிச்சேன்னு நெனைக்கேன்" என்றாள். அவ்வளவுதான். அந்தச் செடி இவ்வளவு தெற்கே உண்டு என்று மேடம் ஓர் ஆய்விதழுக்கு எழுதினார். அது அச்சிலும் வந்தது. எல்லோருக்கும் இருட்டுக்கடை அல்வா வாங்கிக் கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான், காயவைத்து மூலையில் அடுக்கியிருந்த பழைய தாள்களைப் பிரிக்கும்போது ஒன்றின் ஓரத்தில் பென்சிலில் 'கொடை' என்று ஓர் எண்ணோடு இருப்பதைப் பார்த்தேன். ஐந்திலையும் பூவும் பதிந்த ஈரக்கறை அந்தத் தாளிலேயே இருந்தது. எண்ணை எடுத்து எழுத மறந்து, செடியை வேறு கட்டில் வைத்தவன் நான்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாளை மடித்துப் போட்டேன்.

அந்த நாளை வரவே இல்லை. ஒரு செடி போதாது, முளைத்திருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மேடம் வருஷா வருஷம் ஏறினார். நான் இட்லிப் பொட்டலத்தோடு பின்னாலேயே போனேன். உண்மையைச் சொன்னால், அவரைவிட நான்தான் மும்முரமாகத் தேடினேன். ஒரே ஒரு செடி கண்ணில் பட்டுவிட்டால் என் பொய் மெய்யாகிவிடுமே! கொடைக்கானலிலிருந்து நாற்று வாங்கிவந்து நட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். குற்றாலநாதரை வேண்டிக்கொண்டேன், வெட்கக்கேடு.

மேடம் ஓய்வுபெறுவதற்கு முந்தின சாரலில், ஓடையைத் தாண்டும்போது பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே தேய்ந்துபோன முட்டி. உள்ளங்கை வேறு சிராய்த்திருந்தது. வலியோடு சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் மேல பாத்துருவோம் அண்ணாச்சி. இங்கனதான் எங்கயோ இருக்கு" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், அது நம்ம மலைச் செடி இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "எத்தன வருசமாத் தெரியும்?"

"பதினோரு வருசமா."

"பதினோரு வருசம் இந்த முட்டிய வச்சிக்கிட்டு ஏறியிருக்கேன். நீரும் பின்னாலயே வந்திருக்கீரு."

அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை, கம்பை ஊன்றியே வந்தார்.

திங்கட்கிழமை அந்தச் செடி ஒட்டிய அட்டை மேசையில் இருந்தது. செடியின் பேரும் பறித்த இடமும் எழுதிய பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, தப்பு என்று தெரிந்தால் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: செடி கொடைக்கானலுடையது, தாள் மாற்றியபோது இடம் தவறிவிட்டது. "திருத்துனவரு பேரப் போடும்" என்றார். போட்டேன். அந்த அறையில் உள்ள செடிகளில் பெரும்பாலானவற்றை உலர்த்தி ஒட்டியவன் நான். என் பேர் இருப்பது அந்த ஒன்றில்தான். ஆய்விதழுக்கு எழுதிய திருத்தத்தில் மட்டும் பிழை தன்னுடையது என்று மேடம் எழுதிவிட்டார். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர் பேரில் இருந்த ஒரே கண்டுபிடிப்பு அப்படிப் போனது. ஓய்வுபெறும் நாள்வரை வேலையைத் தவிர என்னிடம் வேறு பேச்சில்லை.

போன மாதம் அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது என்று கேள்விப்பட்டு, தயங்கித் தயங்கித்தான் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "வாங்க அண்ணாச்சி" என்றார். காப்பி வந்தது. சன்னலுக்கு வெளியே மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த மேற்கு உச்சிக்கு மட்டும் நாம போகவே இல்ல. நல்ல குளிரு அங்கன. ஒருவேள இருக்குமோ?" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "இருக்காது மேடம்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட முட்டியை மெல்லத் தடவிக்கொண்டு, "இதச் சொல்ல ஒரு நிமிசங்கூட ஆகல, பாத்தீங்களா?" என்றார்.