மச்சி என்று கூப்பிட வருபவன்: ரெஜினா டீச்சர் நினைவாக

நான் அப்பவே சொன்னேன். அன்று காலையில் குளத்தோரம் ஸ்கூல் வேனை நிறுத்தியதும் கண்ணாடி மேல் காகம் வந்து உட்கார்ந்தது. "இன்னிக்கு நம்மாளு ஒருத்தர் போய்டுவாங்க" என்று டீக்கடையில் உரக்கவே சொன்னேன். டீ ஆறுவதற்குள் போன். கோபாலபுரம் பள்ளி ரெஜினா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். மயிலாப்பூரில் நான் சொல்லி நடக்காதது எது?

அவரிடம் படித்த உங்களுக்கு அந்தப் போதை ஒழிப்பு வகுப்பு நினைவிருக்கும். முதலில் சுவரில் மண்டை ஓட்டுப் படம், அப்புறம் கோரஸாக உறுதிமொழி. அது உதவாது என்று கண்டுபிடித்தவனே நான்தான். "போதையைத் தொட மாட்டோம்" என்பதைப் பிள்ளைகள் என் வேனில் குத்துப்பாட்டு மெட்டில் பாடிக்கொண்டு வந்தார்கள். டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வாய்க்கு மட்டும் பழகிடுச்சு அண்ணே. குடுக்க வர்றவன் மண்டை ஓடு மாதிரியா வருவான்? மச்சின்னு தோள்ல கை போட்டுத்தான் வருவான்."

மறுவாரம் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் என்னை நிற்க வைத்தார். ஐந்தாவது தாண்டாத நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம்! வேண்டாம் என்று சொல்லிப் பழகுவதுதான் பாடம். போதை மாத்திரை விற்பவனாக நடித்து, காகிதத்தில் மடித்த பெப்பர்மின்ட்டை நீட்டினேன். "மச்சி, ஒண்ணு போடு. தூக்கமே வராது. மார்க் கொட்டும்."

"உங்க மூஞ்சியப் பார்த்தாலே தூக்கம் வராது மாமா" என்றான் ஒருவன். "மொதல்ல நீ போட்டுக் காட்டு நைனா" என்றான் இன்னொருவன். வகுப்பே அதிர்ந்தது. ஒரு பிள்ளைகூடக் கை நீட்டவில்லை. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நீங்களே கைதட்டினீர்கள்.

இப்போது அந்த வகுப்பு இல்லை. மண்டை ஓட்டை மறுபடி மாட்டிவிட்டார்கள். பள்ளிக்கு எதிரே ஒரு பைக் நிற்கிறது. அதில் இருப்பவன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நேற்று என் வேனில் வந்த பன்னிரண்டாவது படிக்கிற பெண், "அந்த பைக்கிட்ட நிறுத்துங்க மாமா, தெரிஞ்ச அண்ணன்தான்" என்றாள். நிறுத்தவில்லை.

காகத்தை விடுங்கள், அது வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளைகூடக் கை நீட்டவில்லை என்றது பொய். அன்று பத்தாம் வகுப்பின் முதல் பெஞ்சிலிருந்து இதே பெண், சிரிக்காமல், கை நீட்டினாள். "நெஜமாவே தூக்கம் வராதா மாமா?"

டீச்சர் அந்தக் கையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, "இந்த ஒரு கைக்காகத்தான் அண்ணே இவ்வளவும்" என்றார். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தச் சொல்தான்.

இன்று காலை அவள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். "முன்னாடியே கிளம்பிட்டாளே" என்றார் அவள் அம்மா.