அடுத்தவர் கேட்டதற்கு மேல் ஐநூறு

விளாங்குடியில் அந்த வீட்டைப் பார்த்த அன்று நான் ஆசைப்பட்டது கிணற்றுக்குத்தான். வீடு என்று சொல்ல இரண்டு அறையும் ஓட்டுச் சாய்ப்பில் ஓர் அடுப்படியும் இருந்தன, அவ்வளவுதான். பின்னால் உறை இறக்கிய கிணறு. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற தூரத்தில் தண்ணீர். ஒரு வாளி இறைத்துக் குடித்தேன், அத்தனை ருசி. அப்போது டவுனுக்குள் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், அடிபம்பின் கைப்பிடியை வீட்டுக்காரம்மா கழற்றிக்கொண்டு போய் உள்ளே வைத்துக்கொள்வாள். காலையில் அரை மணி நேரம் கொடுப்பாள். என் பிள்ளைக்குப் பேதியான வாரத்தில்கூட அந்த அரை மணி முப்பத்தொரு நிமிடம் ஆனதில்லை. அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வீட்டை விற்றவர் ஓய்வு பெற்ற வாத்தியார். மகனோடு இருக்க வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். தரகர்கள் யாரையும் அவர் அண்டவிடவில்லை. "வேணுங்கிறவுக விலையை எழுதி கவர்ல ஒட்டிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வச்சுக்கிட்டுப் பிரிப்பேன்" என்று பரீட்சை நடத்துகிறவர் மாதிரி சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள், மாட்டுச் சந்தையில் வளர்ந்தவர். அங்கே கையைத் துண்டால் மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அடுத்தவன் கேட்ட விலையை எப்படியாவது மோப்பம் பிடித்து, அதற்கு மேல் ஒரு விரல் கூட வைப்பதுதான் அவர் கற்ற வித்தை. ஒட்டின கவருக்குள் யார் விரலைப் போய்ப் பிடிப்பது?

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இருபத்தெட்டாயிரம் தருகிறேன், வேறு யாரும் கூடக் கேட்டிருந்தால், அவர்கள் கேட்டதற்கு மேல் ஐநூறு தருகிறேன். இப்படி எழுதி, மீசையைத் தடவிக்கொண்டே என்னிடம் நீட்டினார். படித்துவிட்டுக் கேட்டேன்:

"எவனாச்சும் லட்ச ரூவான்னு எழுதி வச்சா, நீங்க லட்சத்து ஐநூறு குடுப்பீகளா?"

அப்புறம்தான் 'முப்பத்திரண்டாயிரம் வரைக்கும்' என்று சேர்த்தார். என் கழுத்துச் சங்கிலியையும் சேர்த்து அவ்வளவுதான் எங்களால் புரட்ட முடியும். சந்தையில் சொந்தத் தம்பிக்கே விரலைக் காட்டாத மனுஷன், கடைசி விலையை எழுதியே கொடுக்கிறாரே என்று கேட்டேன். "வாத்தியார்ட்ட மறைக்கக் கூடாது" என்றார். அந்தப் பயபக்தியை நம்பி நான் சும்மா இருக்கவில்லை. கூடக் கேட்டவர் எழுதினதை எங்களிடம் காட்ட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி எழுதவைத்தேன். வாத்தியாரும் வீடு விற்கிறவர்தானே.

இதையெல்லாம் அந்த வாரமே மேலூரில் இருந்த என் அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதினேன். கிணற்றைப் பற்றி ஒரு பக்கம். முப்பத்திரண்டுக்கு மேல் யாராவது கேட்டுவிட்டால் போச்சு என்று கடைசியில் ஒரு புலம்பல். அண்ணனுக்கும் இவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா இறந்த பிறகு, அவர் வாங்கிய வயலில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து மேலூரில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் ஒரு சேலையை வாங்கிக்கொண்டு அப்படித்தான் போடுவார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. இவருக்குத்தான் உறைத்தது. "இனி உங்கண்ணன் காசு ஒத்த ரூவா நம்ம வாசப்படி தாண்டக் கூடாது" என்றார். எனக்காகத்தான் அந்தக் கோபம் என்று தெரியும். அதனால் அதை நான் எதிர்த்ததும் இல்லை, மதித்ததும் இல்லை. மாதம் ஒரு கடிதம் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டில் வாத்தியார் முன்னால் மூன்று கவர்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் இருபத்தெட்டாயிரத்து ஐநூறு எழுதியிருந்தார். எங்கள் கவரைப் படித்துவிட்டு, "அப்ப உங்களது இருபத்தொம்பதாயிரம்" என்று வாத்தியார் கணக்குச் சொன்னபோது, இவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஜோடி காங்கேயம் காளையை ஓட்டி வந்த பெருமை. மூன்றாவது கவர் தபாலில் வந்தது. அதில் முப்பத்து மூவாயிரம்.

"உங்க வரம்பைத் தாண்டிருச்சு தம்பி" என்றார் வாத்தியார்.

இவர் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்தியது. எங்கள் கடைசி வரியைச் சொல்லிக் கையை நீட்டினேன். வாத்தியார் தாளைக் கொடுத்தார். முதல் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாதாமாதம் எனக்கு வருகிற கோழிக் கிறுக்கல். விலைக்குக் கீழே எழுதியிருந்தது: 'பத்திரம் என் தங்கச்சி பேருக்கு எழுதணும். மாப்பிள்ளைக்கு இப்பத் தெரிய வேண்டாம்.'

தாளை இவரிடம் கொடுத்தேன். படித்தார், திரும்பவும் படித்தார். அந்த நேரம் பார்த்து, பஸ் மாறி வந்த அண்ணன் மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நாங்கள் வர மாட்டோம் என்று அவன் எப்படித்தான் நினைத்தானோ. எங்கள் வீட்டில் அறிவு முழுக்க எனக்கே வந்துவிட்டது.

"ஏண்ணே இப்படிப் பண்ணுன?"

"நீ அன்னிக்கு வாசிச்சுக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்ட ஆத்தா. அந்தச் சேலையை நீ கட்டி நான் ஒருநாளும் பாக்கல." அந்தச் சேலையைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன். உறைக்கவில்லை என்று மேலே எழுதினேனே, அது பொய்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "தம்பி, நீங்கதான் சொல்லணும். இவர் உங்களுக்கு எதிராக் கேட்டவரா, உங்களுக்காகக் கேட்டவரா? எதிரான்னா வீடு அவருக்கு. உங்களுக்காகன்னா இந்தத் தாளைத் தள்ளிர்றேன். உங்க விலை இருபத்தொம்பதுதான்."

கூடக் கிடைக்க இருந்த நாலாயிரத்தை அந்த மனுஷன் அப்படி வேண்டாமென்று கீழே வைத்தார். நான் இவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் கெஞ்சிவிடுவேன். ஜன்னல் வழியாகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்த ரூவா வாசப்படி தாண்டக் கூடாது என்ற ஆள் இவர்.

"எங்க ஆளுதாங்கய்யா" என்றார். "என் மச்சான்."

வாத்தியார் பேனாவைத் திறந்து, பத்திரம் யார் பேருக்கு என்று கேட்டார். இவர் கையில் அண்ணனின் தாள் இன்னும் இருந்தது. அதை மேஜையில் வைத்து நீவிவிட்டார்.

"இதுல எழுதியிருக்கிறபடியே எழுதுங்க. பத்திரச் செலவு மட்டும் மச்சானோடது."

அண்ணன் மஞ்சள் பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். நான் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு வந்து முதலில் அவனுக்குத்தான் கொடுத்தேன். இவர் என்னை முறைத்தார். "இருங்க, உங்களுக்கும் வருது" என்றேன்.