இரண்டு பேட்டரிகள்

முழங்கால் வலிக்கு, பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டியை வாங்கியது தொண்ணூறுகளில். ஆயுசு முழுக்கப் பருத்திக் காட்டில் நின்ற கால்கள் என்னுடையவை. அருப்புக்கோட்டையில் நரம்பு வலிக்கு வைத்தியம் பார்க்கிற பெண், பெட்டியின் வயர் முனையில் இருந்த இரண்டு கறுப்பு ரப்பர் வில்லைகளில் பசை தடவி, முழங்காலின் இரு பக்கமும் ஒட்டிக் காட்டினாள். வில்லையை ஒட்டிய பிறகுதான் பெட்டியைப் போட வேண்டும். பெட்டியின் குமிழைத் திருகி மெள்ளக் கூட்ட வேண்டும். எறும்பு ஊர்வது போல இருந்தால் போதும், சுள்ளென்று குத்தக் கூடாது. ஈரத்தில், புண்ணில், கழுத்தில் வைக்கக் கூடாது. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. ஒன்று விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சீட்டைக் கொடுத்து, "மிச்சமெல்லாம் இதுல இருக்கு, படிச்சுக்கோங்கம்மா" என்றாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சீட்டை மடித்துப் பெட்டியோடு வைத்துவிட்டேன்.

வலி குறையத்தான் செய்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து மகளின் மாமியார் வந்தார். அவருக்கு இடுப்பு வலி. அது போக, நெஞ்சுத் துடிப்புக்கு மதுரையில் தோலுக்குள்ளே பேட்டரி வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சம்பந்தி நம் வீட்டில் வலியோடு உட்கார்ந்திருக்க, கையில் உள்ளதை எடுத்து நீட்டாமல் இருந்தால் அது நமக்குத்தான் குறைச்சல். நானே பெட்டியைக் கொண்டுவந்தேன்.

"கரண்டு சாமான் பக்கம் போவாதீகன்னு டாக்டரு சொல்லியிருக்காரே மதினி."

"இதுல கரண்டு எங்க இருக்கு? வயரு சுவத்துக்கா போகுது? டார்ச்சு லைட்டு மாதிரி பேட்டரி மதினி."

"அப்ப என் நெஞ்சுல இருக்கதுக்குச் சொந்தக்காரப் பயதான்னு சொல்லுங்க!" என்று சிரித்தார். "சீட்டுல என்ன போட்டிருக்கு?"

சீட்டை விரித்தேன். கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டேன். "யாருக்கும் வைக்கலாம்னு போட்டிருக்கு" என்றேன்.

அவர் இடுப்பில் வில்லைகளை ஒட்டிக் குமிழைத் தொட்டேன். கொஞ்சம்தான் திருப்பியிருப்பேன். அவர் கை நெஞ்சுக்குப் போனது.

"மதினி, என்னமோ தடதடங்குது."

அவருக்கு முகம் வேர்த்துவிட்டது. பெட்டியை நிறுத்தி வில்லைகளைப் பிய்த்தெடுத்தேன். என் பாயில், என் கையால், இவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? என் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்?

பெட்டியையும் சீட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு டவுன் பஸ்ஸில் அவரை ஏற்றினேன். வழி முழுக்க அவர் மணிக்கட்டைப் பிடித்தே இருந்தேன். எத்தனை துடித்தால் சரி என்று எனக்குத் தெரியாது. விரலுக்கடியில் துடித்தது, அது போதும். பஸ் குழியில் விழும்போதெல்லாம் துடிப்பு தப்பிப்போகும், எனக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியால் வந்ததா, பயத்தால் வந்ததா, டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் சீட்டை வாங்கிப் பார்த்தவர் சத்தம் போட்டார்.

"நெஞ்சுல பேட்டரி வச்சவங்களுக்கு இதை வைக்கவே கூடாது. முதல் வரியே அதுதானம்மா! படிக்கலையா?"

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"என்னத்தப் படிச்சீக மதினி?"

"ஒண்ணும் படிக்கல. எனக்குப் படிக்க வராது."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவர் சீட்டை என் கையிலிருந்து வாங்கி விரித்தார்.

"எங்கிட்டக் குடுத்திருந்தா நான் படிச்சிருப்பேன்ல."

திரும்பி வரும் பஸ்ஸிலும் அவர் மணிக்கட்டு என் கையில்தான் இருந்தது.

"விடுங்க மதினி, வலிக்குது" என்றார்.

நான் விடவில்லை.