ஓடிப்போனவரும் அக்காவின் லோரியும்

மூன்று வாரத்துக்கு முன் கிள்ளானில் ஒரு வங்கியில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக அல்ல. துணைக்கு.

ராஜம்மா அக்கா கல்யாண மணவறை அலங்காரம் செய்பவர். ஆனி மாதக் கடைசிக் கல்யாணத்தன்று அவருடைய பழைய லோரி, பூச்சோங்கில் மண்டப வாசலிலேயே படுத்துவிட்டது. ஆவணி பிறந்தால் வாராவாரம் கல்யாணம். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. வேறு லோரி வாங்கக் கடன் கிடைக்காவிட்டால்... மணவறையைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்?

கடன் அதிகாரி திவ்யாவுக்குச் சிரித்த முகம். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியானது.

"ஆன்டி, ஸ்கோர் ரொம்பக் கம்மியா வருது."

"ஏம்மா? பழைய லோரிக் கடனை ஒரு மாசம்கூட விடாம கட்டுனேனே!"

"உங்க மேல தப்பில்ல ஆன்டி. முன்ன மேனேஜரே ஆளைப் பார்த்து முடிவு பண்ணுவாரு. இப்ப எங்க பேங்க் சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் மாடல் செஞ்சிருக்கு. பழைய ஆளுங்க எப்படிக் கட்டினாங்கன்னு பார்த்து, புது ஆளுங்க எப்படிக் கட்டுவாங்கன்னு அது சொல்லும்."

"ஜோசியமா?"

"கிட்டத்தட்ட."

பெரிய வங்கி என்றால் லட்சக்கணக்கில் வாடிக்கையாளர்கள்; ஜோசியம் ஓரளவு பலிக்கும். இது நடுத்தர வங்கி. பெரியவர்கள் வைத்திருக்கிறார்களே என்று தானும் ஒரு மாடலை வைத்துக்கொண்டது. அதற்குத் தீனி போட அத்தனை வாடிக்கையாளர் வேண்டாமா?

"ஆடியிலயும் மார்கழியிலயும் வியாபாரமே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை கடை நொடிச்சுப் போறதா காட்டுது."

"ஆடியில எவன்மா தாலி கட்டுவான்?"

"எனக்குத் தெரியும் ஆன்டி, எனக்கே ஆவணியிலதான் கல்யாணம். மாடலுக்குத் தெரியலையே! அதோட... மணவறைக்காரங்க எங்ககிட்ட மொத்தமே மூணு பேர். அதுல ஒருத்தர் கட்டாம ஓடிட்டாரு. மணவறைக்காரங்கன்னாலே மூணுல ஒருத்தர் ஓடுவாங்கன்னு அது நினைக்குது."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓடினவன் மேரு ஊர்க்காரனா?"

"பேரு ஊரெல்லாம் நான் சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு திவ்யா ஸ்டேப்ளரையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை போதாதா?

"அவன்தான் லா! ஒரு நாள் வாடகைன்னு, மணவறைக்கு வைக்கிற என் பைபர் யானை பொம்மை ரெண்டையும் தூக்கிட்டுப் போனவன்! யானையையும் காணோம், அவனையும் காணோம். இப்ப என் லோரியையும் சேர்த்து இழுத்துட்டுப் போறானா?"

யானையைப் பறிகொடுத்தவருக்கும் யானையோடு ஓடியவருக்கும் ஒரே ஸ்கோர்! நான் வாயை மூடிக்கொண்டேன். சிரித்தால் அக்கா என்னை விடமாட்டார்.

கடைசியில் திவ்யாவே வழி சொன்னார். "நல்ல ஸ்கோர் உள்ளவங்க யாராச்சும் ஜாமீன் போட்டா, மேனேஜர் பார்த்து அனுப்பலாம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி சும்மாதானே உட்கார்ந்திருக்கு!"

என் விவரங்களைத் திவ்யா தட்டினார். தொழில் — பத்திரிகையில் எழுதுவது. எனக்கு ஏர்கோன் குளிரிலும் வியர்த்தது. மணவறைக்கே அந்த மதிப்பென்றால் எழுத்துக்கு?

"சூப்பர் அங்கிள்! பச்சை விழுந்திருச்சு! எழுத்தாளருங்கள்ல கடன் கட்டாம ஓடினவங்க எங்க பேங்க்ல ஒருத்தர்கூட இல்ல!"

கையெழுத்துப் போட்டேன். முந்தாநாள் அக்காவின் லோரி மாலையும் பொட்டுமாக என் வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடித்தது.

எழுத்தாளர் எவரும் ஓடவில்லை என்பது உண்மைதான்... முதலில் எங்களுக்கு யாராவது கடன் கொடுத்தால்தானே ஓடுவதற்கு!