நடு ஸ்பீக்கர்

குண்டசாலை வீட்டு ஹோம் தியேட்டரை நானே பொருத்தினேன். ஒரே செட்டில் மூன்று புதிய ஸ்பீக்கர்கள், வேறு செட்டில் இரண்டு பழையவை. பழையவை பெரியவை என்பதால் டிவியின் இருபுறமும் நிறுத்தினேன். புதியவற்றில் ஒன்றை நடுவிலும் மற்ற இரண்டைப் பின்னாலும் வைத்தேன். ஹெலிகொப்டர் காட்சியைப் போட்டுக் காட்டினால் வந்தவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். மனைவி மட்டும் பத்து நிமிடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவளுக்குப் படத்தில் ஆர்வமில்லை என்று நினைத்து, இரண்டு மாதம் தனியாகவே பார்த்தேன்.

வயர் மாற்றக் கலஹாவிலிருந்து வந்த செல்வம் அவளிடம் கேட்டார்: “நீங்க படம் பார்க்கிறதில்லையா அக்கா?”

“பேசுறது ஒண்ணும் விளங்காது தம்பி. இவருக்கு வெடிச்சத்தம் கேட்டாப் போதும்.”

செல்வம் சிரித்தார். “பேச்சு நடு ஸ்பீக்கர்லதான் வரும் சார். ரெண்டு பக்கமும் பெருசு நின்னு அதை அமுக்குது. முன்னுக்கு மூணும் ஒரே செட்டா இருக்கணும்.” பழையவற்றைப் பின்னுக்கு மாற்றி, சத்த அளவையும் சரிசெய்தார்.

அன்று மாலை மனைவி துணி மடிக்க வந்து உட்கார்ந்தாள். மடித்து முடித்த பிறகும் எழவில்லை. நாயகி முணுமுணுத்த ஒரு வசனத்துக்கு எனக்கு முன்பே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சத்தம் எப்படி என்று கேட்டிருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.